லூப் விழுந்தால் போர்ட்டை மூடும் சுவிட்ச்

தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ். சரக்கை ஏற்பதற்கான கடைசிக் கெடுவான கட்-ஆஃபுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது எல்லா கம்ப்யூட்டரும் முடங்கின. போய் ரேக்கைத் திறந்தேன். சுவிட்சின் அத்தனை பச்சை விளக்குகளும் ஒரே வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வயராகப் பிடுங்கினேன். பதினேழாவதில் அடங்கியது. அதன் மறுமுனை, ஒரு மேஜைக்கடியில் கிடந்த ஐந்து போர்ட் சுவிட்ச் பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்தே வந்து தரையில் கிடந்த வயர்முனை கழன்றுவிட்டது என்று நினைத்து, யாரோ நல்ல மனதோடு அதே பெட்டியில் செருகியிருக்கிறார்கள்.

ஒரு வயர் ஆபீஸையே முடக்குவது இப்படித்தான்: ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் கணக்கு உண்டு. ஈத்தர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. வழி வட்டமானால், அதாவது லூப் விழுந்தால், அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இதற்காகத்தான் ரேடியா பெர்ல்மன் 1985-இல் டிஇசி நிறுவனத்தில் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். சுவிட்சுகள் பிபிடியு என்ற சிறு தகவலைப் பரிமாறி, ஒன்றை ரூட்டாக ஏற்று, உபரி வழியை அடைக்கும்.

அங்கே இப்போது நான் மாட்டியிருப்பது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எல், 24 போர்ட். ஃபேன் இல்லாதது. உப்பளக் காற்றை உள்ளே இழுக்காத பெட்டி என்பதே இந்த ஊரில் எனக்குப் பெரிய விஷயம். ஃபேன் வைத்த பழைய சுவிட்சுகளைத் திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

முதல் சோதனை: ஒரே வயரின் இரு முனைகளையும் இதிலேயே செருகினேன். ஒரு போர்ட்டின் விளக்கு ஆரஞ்சாக நின்றது, நெட்வொர்க் முடங்கவில்லை. அடுத்து, மேஜைகளுக்குப் போகும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட்டும், பிபிடியு வந்தால் போர்ட்டை மூடும் பிபிடியு கார்டும் போட்டேன். போர்ட்ஃபாஸ்ட் இல்லாவிட்டால் பழைய முறையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 30 விநாடி காத்திருக்க வேண்டும். பிறகு, முடக்கத்துக்குக் காரணமான அதே பெட்டியை அதே தப்போடு மாட்டினேன். பிபிடியு சுற்றித் திரும்பி வந்ததும் அந்த ஒரு போர்ட் மட்டும் மூடிக்கொண்டது. பக்கத்து மேஜையில் ஷிப்பிங் பில் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

குறைகளும் உண்டு. மூடிய போர்ட் தானாகத் திறக்காது. ரெகவரியை நாமே இயக்க வேண்டும், இயக்கினால் 300 விநாடியில் திறக்கும். ரூட் பிரையாரிட்டி எல்லா சுவிட்சிலும் 32768 என்றே வருகிறது. அப்படியே விட்டால் மேக் அட்ரஸ் சிறியது ரூட் ஆகிவிடும், பெரும்பாலும் மூலையில் கிடக்கும் பழசு. இந்த சுவிட்சில் அதை 4096 ஆக்கினேன். மலிவான சில பெட்டிகள் பிபிடியுவை விழுங்கிவிடும். அங்கே கார்டு கண் தெரியாமல் நிற்கும். ஆகவே வெள்ளமாய்ப் பெருகும் பிராட்காஸ்டை மட்டுப்படுத்தும் ஸ்டார்ம் கன்ட்ரோலையும் கட்டாயம் போடுங்கள்.

நாலைந்து கம்ப்யூட்டர் உள்ள கடைக்கு இது அதிகம். டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108இ போதும். ஸ்பானிங் ட்ரீ இல்லை, ஆனால் லூப் ப்ரிவென்ஷன் இருக்கிறது. கட்-ஆஃப் பார்த்து வேலை செய்யும் ஆபீஸுக்கு 2960-எல்தான் என் சிபாரிசு. மேஜைக்கடிப் பெட்டிகளை எடுத்துவிட்டு, மேஜைக்கு இரண்டு பாயின்ட் இழுக்கும் வேலை வரும் ஞாயிறு தொடங்குகிறது.