எழும்பூரும் மூன்று குமிழும்

லெகோ கட்டிகளை வைத்துப் பழைய ரயில் நிலையங்களைக் கட்டுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தை வாரன் எல்ஸ்மோர் கட்டியது அதில் பிரபலம். இந்த மாதிரி வேலைகளைப் பேசும்போது குவிமாடம் சரியா வந்திருக்கா, வளைவு எப்படி, மொத்தம் எத்தனை துண்டு என்றுதான் எல்லாரும் கேட்போம். தண்டவாளத்தை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, எழும்பூரைக் கட்ட உட்காரும்வரை.

நெய்வேலிக்காரனுக்கு ஒரு காலத்தில் மெட்ராஸ் பயணம் என்றால் விருத்தாசலத்தில் வைகையோ பல்லவனோ ஏறி எழும்பூரில் இறங்குவது. அதனால்தான் அந்த நிலையம். ஹென்றி இர்வின் வடிவமைத்து, சாமிநாத பிள்ளை ஒப்பந்தம் எடுத்துக் கட்டி, 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. சிவப்பு, வெள்ளை இரண்டும் லெகோவில் தாராளமாகக் கிடைக்கிற நிறங்கள். முகப்பு முடிந்ததும் பின்னால் லெகோவின் வழக்கமான தண்டவாளத்தைப் போட்டேன். பையன் ரயில் விட்டான். எல்லாம் சரி.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். லெகோ மனிதன் சுமார் 4 செ.மீ. உயரம். அவனை 1.7 மீட்டர் ஆளாக வைத்தால் அளவு 1:42. லெகோ தண்டவாளத்தின் இடைவெளி 37.5 மி.மீ.; 42-ஆல் பெருக்கினால் 1,575 மி.மீ. லண்டனின் 1,435-க்கும் நம்ம பிராட்கேஜின் 1,676-க்கும் நடுவில் வருகிறது. இரண்டுக்குமே கண் ஒத்துக்கொள்ளும். ஆனால் எழும்பூர் கட்டப்பட்டது மீட்டர்கேஜுக்கு. 1,000 மி.மீ. பாதை இந்த அளவில் 24 மி.மீ. அதாவது சரியாக மூன்று குமிழ் அகலம். நான் போட்டிருந்தது அதைவிட ஒன்றரை மடங்கு.

மாடலில் பொய்யே கூடாது என்று சொல்ல வரவில்லை. 20 பெட்டி வண்டி நிற்கும் நடைமேடையை இதே அளவில் கட்ட பத்து மீட்டருக்கு மேல் வேண்டும். குவார்ட்டர்ஸ் ஹாலில் நடக்கிற காரியமா? எனவே நீளத்தைக் குறைக்கிறோம். பார்க்கிறவருக்கும் அது குறைத்தது என்று தெரியும். பாதை அகலம் அப்படி இல்லை. அது சத்தமில்லாமல் ஒரு தகவலைச் சொல்கிறது, அதுவும் தப்பான தகவலை.

ஏனென்றால் எழும்பூர் தனி நிலையமாக இருந்ததற்கே அந்த அகலம் ஒரு முக்கியக் காரணம். சென்ட்ரல் பிராட்கேஜ், எழும்பூர் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ். தெற்கிலிருந்து வந்து டெல்லி போகிறவர் பெட்டி படுக்கையோடு இங்கே இறங்கி அங்கே போய் ஏற வேண்டும். இந்தப் பெட்டி அந்தத் தண்டவாளத்தில் ஓடாது. ஏறக்குறைய 90 வருஷம் இதுதான் நிலைமை. குவிமாடத்தை ஒவ்வொரு துண்டாகச் சரிபார்த்துவிட்டுப் பின்னால் பிராட்கேஜ் போட்டால், அந்த 90 வருஷமும் மாடலில் இல்லாமல் போகிறது. பாரம்பரியக் கட்டடம் என்று நாம் பேசும்போதும் இதே தவறுதான் நடக்கிறது: முகப்பைக் காப்பாற்றினால் போதும், பின்னால் நடந்த வேலை எதுவாக இருந்தாலென்ன என்று நினைத்துக்கொள்கிறோம்.

பிரித்தேன். தட்டையான துண்டுகளை வைத்து மூன்று குமிழ் இடைவெளியில் பாதை போட்டேன். அதில் லெகோ சக்கரம் உட்காராது, மோட்டாரும் ஓடாது. பையன் கேட்டான்: "ஓடாத ட்ரெயின் எதுக்குப்பா?" நியாயமான விமர்சனம். நின்றே இருக்கும் வண்டியை வைத்து ரயில் நிலையம் என்று சொல்வதும் ஒரு பொய்தானே.

வழி வரலாற்றிலேயே இருந்தது. பாதை மாற்றம் நடந்த சில ஆண்டுகள் எழும்பூரில் இரண்டு அகலமும் அருகருகே இருந்தன. பிராட்கேஜ் எக்ஸ்பிரஸ்கள் வந்த பிறகும், 2004 வரை கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் அவ்வழியாக ஓடியது. என் மாடல் இப்போது அந்தக் காலத்து எழும்பூர். ஒரு பாதையில் பையனின் வண்டி ஓடுகிறது. பக்கத்துப் பாதையில் என்னுடையது நிற்கிறது.