ஒரே வானம், மூன்று நிறம்

பட்டப்பகலில் எடுத்த படம் அது. மேகமில்லாத ஏப்ரல் மாத வானம். ஆனாலும் படத்தில் அந்த வானம் அமாவாசை இரவாய்க் கறுத்திருக்கிறது. அந்தக் கறுப்பைக் கிழித்துக்கொண்டு வெயிலில் தோய்ந்த ஒரு பெரும்பாறை எழுந்து நிற்கிறது. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், ஹாஃப் டோம் என்னும் குன்றின் செங்குத்து முகத்தை 1927 ஏப்ரல் 10 அன்று புகைப்படக் கலைஞர் அன்சல் ஆடம்ஸ் படமெடுத்தார். அப்போது அவருக்கு வயது 25. ‘மோனோலித், ஹாஃப் டோமின் முகம்’ என்பது படத்தின் பெயர். புகைப்படக் கலையில் கொஞ்சம் ஈடுபாடு உள்ளவர்கள் எங்காவது ஒரு புத்தகத்தில் இதைக் கடந்திருப்பார்கள். கடந்து போனவர்களையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன்: வாருங்கள், இன்னொரு தரம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அந்தக் கல். ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்துக்குச் சரிவே இல்லாமல் நிற்கும் சுவர் அது. பள்ளத்தாக்கின் தரையிலிருந்து உச்சிவரை கணக்கிட்டால் 1,400 மீட்டரைத் தாண்டும். இந்த எண்கள் தெரியாமலே அந்த உயரம் நம்மைத் தொட்டுவிடுகிறது என்பதுதான் படத்தின் முதல் அழகு. அடியோரத்தில் பனிச்சரிவும் சில மரங்களும் பொடிப்பொடியாகத் தெரிகின்றன. கண் அங்கே ஒரு கணம் தங்கி, அந்த மரங்களின் உயரத்தைத் தனக்குள் குறித்துக்கொண்டு, பிறகு கல்லின் மேல் ஏறத் தொடங்குகிறது. ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது. உச்சியை அடைவதற்குள் தலை தானாகப் பின்னுக்குச் சாய்கிறது. அந்த மரங்களை வெட்டிவிட்டுப் படத்தைப் பாருங்கள். சுவர் உடனே சின்னதாகிவிடும்.

சுவரின் மேல் நெடுக இறங்கும் கருங்கோடுகளை அடுத்ததாகப் பார்க்க வேண்டும். மேலிருந்து வழியும் நீரும், அந்த ஈரத்தை நம்பிக் கல்லில் பாசிபோல் ஒட்டி வாழும் லைக்கன்களும் காலங்காலமாகத் தீட்டிய கோடுகள் அவை. யோசெமிட்டியின் தொல்குடிகளான அவானீச்சி மக்களின் கதையில், கல்லாகிப்போன டிசாயக் என்ற பெண்ணின் கண்ணீர்த் தடங்கள் இவை. படத்தில் அவற்றில் ஒன்றுகூட இன்னொன்றுபோல இல்லை. சில பட்டையாகத் தொடங்கி மெலிந்து தேய்கின்றன. சில பாதி வழியில் ஒரு விரிசலைச் சந்தித்து, கொஞ்சம் விலகி, மறுபடி நேராகின்றன. ஒரு முகத்தின் சுருக்கங்களைப் படிப்பதுபோல இவற்றை மேலிருந்து கீழே படிக்கலாம். சாய்வாக விழும் பிற்பகல் வெயில் சுவரை உரசிக்கொண்டு போவதால், கல்லின் ஒவ்வொரு மேடும் தன் பக்கத்தில் மெல்லிய நிழல் ஒன்றை வைத்திருக்கிறது. உச்சிவேளை வெயிலாக இருந்திருந்தால் இந்த நுட்பம் அத்தனையும் தட்டையாகியிருக்கும்.

இனி விளிம்பு. முகம் கத்தியால் வெட்டியது போன்ற நேர்கோடு. உச்சியோ மெல்ல வளைந்து மறுபுறம் சரியும் அரைவட்டம். இத்தனை கடுமையும் இத்தனை மென்மையும் ஒரே கல்லில் எப்படி அமைந்தன? எட்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நிலத்தின் அடியாழத்தில் உருகிய குழம்பு குளிர்ந்து இறுகியதே இந்தக் கல். மேலே அழுத்திக்கொண்டிருந்த பாறை அடுக்குகள் அரித்துப்போக, பாரம் நீங்கிய கல் விரிந்து, வெங்காயம்போல் ஏடு ஏடாக உரிந்தது. உச்சியின் அந்தச் சாந்தமான வளைவு அப்படி வந்தது. முகமோ, கல்லுக்குள் ஏற்கெனவே செங்குத்தாக ஓடியிருந்த விரிசல்களின் வழியே பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்ததால் அமைந்தது. படத்தில் வளைவும் வெட்டும் சேரும் அந்த முனையில் சற்று நேரம் நில்லுங்கள். இரண்டு வேறு வேறு வரலாறுகள் அங்கே கைகோக்கின்றன.

பெயரைக் கேட்டால் பாதிக் குன்று எங்கோ போய்விட்டது என்று தோன்றும். அப்படி ஒன்றும் பெரிதாகப் போகவில்லை. கிளேசியர் பாயின்டிலிருந்து பார்த்தால் பாதியை இழந்த கோளமாகத் தெரியும் இதே குன்று, சற்றுத் தள்ளி வாஷ்பர்ன் பாயின்டிலிருந்து பக்கவாட்டில் பார்க்கும்போது ஒடுங்கிய துடுப்பாகிவிடுகிறது. பாறையைப் படமெடுப்பவர்கள் இதனால்தான் எங்கே நிற்பது என்பதற்கே பாதி உயிரைக் கொடுக்கிறார்கள். ஆடம்ஸ் தேர்ந்த இடம் டைவிங் போர்டு எனப்படும் பாறைத் திட்டு. ஹாஃப் டோமின் மேற்குத் தோளில் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருப்பது. பனி கிடந்த மலைச்சரிவில் நண்பர்களோடும், பின்னாளில் மனைவியான வர்ஜீனியாவோடும் ஏறினார். முதுகில் பெரிய கொரோனா கேமரா, லென்ஸுகள், ஃபில்டர்கள், பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள்; கூடவே மரத்தாலான டிரைபாட். வழியெல்லாம் எடுத்துக்கொண்டே வந்ததில், ஹாஃப் டோமின் முன்னால் நின்றபோது கையில் மிஞ்சியவை இரண்டே தகடுகள்.

முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். அன்றைய வழக்கப்படி அது சரியான முடிவுதான். மஞ்சள், நீலத்தைக் கொஞ்சம் அடக்கி வானத்துக்கு மிதமான சாம்பல் தரும். எடுத்த கையோடு அவருக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சுவரின் முன் நிற்கும்போது தனக்குள் எழுந்த பிரமிப்பை மிதமான சாம்பல் சொல்லாது என்று பட்டது. கடைசித் தகட்டுக்கு முன் அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். லென்ஸ் திறப்பு எஃப்/22, எக்ஸ்போஷர் ஐந்து நொடி. படம் முடிந்துவிட்டது. தகட்டைக் கழுவுவதற்கு முன்பே, பிரிண்ட் எப்படி இருக்கும் என்று மனத்துக்குள் முழுதாகப் பார்த்துவிட்டதாக அவர் பின்னாளில் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரது கலைக்கொள்கை முழுவதும் அந்த ஒற்றை ஃபில்டர் மாற்றத்திலிருந்து கிளைத்தது.

சிவப்புக் கண்ணாடி என்ன செய்தது என்பதை ரசித்துப் பார்க்க வேண்டும். நீல ஒளியை அது உள்ளே விடாது. ஆக, நீல வானம் தகட்டில் பதியவே இல்லை, பிரிண்டில் கறுத்தது. அதோடு நிற்கவில்லை. நிழலான இடங்களுக்கு வெளிச்சம் கொடுப்பதும் பெரும்பாலும் வானத்தின் நீல ஒளிதானே? அதுவும் தடுக்கப்பட்டதால் நிழல்கள் ஆழமாகிக் கனத்தன. நேர் வெயில் விழும் பனியும் கல்லும் மட்டும் தங்கள் ஒளியை அப்படியே வைத்துக்கொண்டன. பாறையின் மேல் ஒரு கீறலைக்கூட ஆடம்ஸ் மாற்றவில்லை. சுற்றியிருந்த அத்தனையும் ஒரு படி பின்வாங்க, பாறை தானாக முன்னால் வந்து நின்றது. அந்த அடக்கமான கைத்திறன் எனக்கு மிகவும் பிடித்தது: போற்ற வேண்டியதைத் தொடாமல், அதன் அக்கம்பக்கத்தைத் திருத்துவது.

இந்தக் கறுப்பின் அருமை முழுதாகத் தெரிய வேண்டுமானால், 66 ஆண்டுகள் பின்னோக்கிப் போய் இதே குன்றின் மேல் இருந்த வெள்ளை வானத்தைப் பார்க்க வேண்டும். 1861இல் புகைப்படக் கலைஞர் கார்ல்டன் வாட்கின்ஸ் கோவேறு கழுதைகளின் மேல் சுமையேற்றி யோசெமிட்டிக்குள் வந்தார். அவர் கொண்டுவந்த கண்ணாடித் தகடுகள் 18 அங்குலத்துக்கு 22 அங்குலம். தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கூடாரத்து இருட்டில் கழுவியாக வேண்டும். அந்த ஈரத் தகடுகளுக்கு நீல ஒளி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வானத்து நீலம் முழுவதும் பாய்ந்து பதிந்துவிட, பிரிண்டில் வானம் எழுதாத தாளாக வெளுத்தது. சிவப்பு ஃபில்டரை அவரிடம் கொடுத்திருந்தாலும் பயனில்லை. அந்தத் தகட்டில் எதுவுமே விழுந்திருக்காது. சிவப்பையும் உணரும் தகடுகள் வந்த பிறகே ஆடம்ஸின் கறுப்பு சாத்தியமாயிற்று.

வெள்ளை வானத்தை ஒரு குறை என்று தள்ளிவிட மனம் வராது. வாட்கின்ஸ் அதைத் தன் தாளாகவே ஆக்கிக்கொண்டார். மேகமும் ஆழமும் இல்லாத அந்த வெறுமையின் மேல் ஹாஃப் டோமின் விளிம்பு ஒரே இழுப்பில் வரைந்த கோடாக நிற்கிறது. ஆடம்ஸின் பாறை இருளைப் பிளந்துகொண்டு வருகிறது. வாட்கின்ஸின் பாறை வெளிச்சத்தில் அமைதியாக அமர்ந்திருக்கிறது. பெரிதாக்காமல் தகட்டின் அளவிலேயே தாளில் ஒற்றி எடுத்த பிரிண்டுகள் என்பதால், அருகில் போகப் போக அவை இன்னும் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன: பைன் மரங்களின் கிளையடுக்கு, கல்லின் வெடிப்பு, கரையில் கிடக்கும் உருளைக்கற்கள். ஓடும் நீர் மட்டும் நீண்ட எக்ஸ்போஷரில் கலங்கிப் பட்டாகிவிட்டது. அசையாதது அத்தனையும் கூர்மை, அசைவது எல்லாம் மென்மை. அந்தப் படங்கள் 1862இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தன. கிழக்குக் கரையில் இருந்தவர்கள் பார்க்காத ஒரு பள்ளத்தாக்கை அவை கண்முன் நிறுத்தின. 1864இல் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென்று பாதுகாக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டதற்கு அவையும் வழிவகுத்தன என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். 1890இல் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த பகுதி தேசியப் பூங்காவாயிற்று.

மூன்றாவது வானத்தையும் ஆடம்ஸே தந்தார், ‘மோனோலித்’ எடுத்து 33 ஆண்டுகள் கழித்து. ‘மூன் அண்ட் ஹாஃப் டோம்’, 1960. இப்போது முதுகில் பெருஞ்சுமை இல்லை. கையடக்கமான ஹாசல்பிளாட் கேமரா, 250 மி.மீ. லென்ஸ். பள்ளத்தாக்கின் தரையிலிருந்தே எடுத்தார். இந்தத் தடவை மாட்டியது ஆரஞ்சு ஃபில்டர். சிவப்பின் ஆவேசம் தணிந்த தம்பி என்று சொல்லலாம். வானம் கறுக்கவில்லை, அடர்சாம்பலாகக் கனிந்தது. ஏன் அந்தக் கனிவு தேவைப்பட்டது என்பது அதில் மிதக்கும் நிலாவைப் பார்த்தால் விளங்கும். முழுமைக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் வளர்பிறை. அதன் கறைகள் தெரிகின்றன. வானம் முழுக் கறுப்பாக இருந்திருந்தால் இரவு என்றாகிவிடும். வெளுத்திருந்தால் நிலா கரைந்திருக்கும். அந்தச் சாம்பலில்தான் பகலும் இரவும் ஒன்றாக இருக்க முடிகிறது.

இந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் இடப்பக்கத்துப் பெருநிழல். பக்கத்துப் பாறை ஒன்று மாலை நிழலில் முழுக்க மூழ்கி, சட்டகத்துக்குள் கரிய ஆப்பாக நுழைந்திருக்கிறது. அதற்கு எதிர்ப்புறம் கடைசி வெயிலில் ஹாஃப் டோம். நடுவில் மிஞ்சிய வானத்தில், நெருக்கப்படாமலும் தொலைந்துபோகாமலும் நிலா. நீள லென்ஸ் தூரங்களைச் சுருக்கியதால் கல்லும் நிலாவும் ஒன்றையொன்று ஏறிட்டுப் பார்க்கும் தொலைவுக்கு வந்துவிட்டன. பாறையில் நிழல் விழுந்த அளவையும் நிலாவின் நிலையையும் கொண்டு, டொனால்டு ஓல்சன் என்ற வானியலாளரும் அவருடன் ஆய்ந்தவர்களும் இந்தப் படம் 1960 டிசம்பர் 28 மாலை 4:14 மணிக்கு எடுக்கப்பட்டது என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் நிழல் இன்னும் ஏறியிருக்கும். நிலாவும் இடம் மாறியிருக்கும். அந்த நிமிடத்தின் நேர்த்தி படம் முழுக்க விரவிக் கிடக்கிறது.

இன்னொரு நயம் இருட்டறையில் இருக்கிறது. ஆடம்ஸ் இளமையில் பியானோக் கலைஞராக விரும்பிப் பயின்றவர். நெகட்டிவ் என்பது எழுதிவைத்த இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி என்று அவர் சொல்வது வழக்கம். ‘மோனோலித்’தின் தொடக்கக்காலப் பிரிண்டுகள் சிறியவை, இதமானவை. பிற்காலத்தில் அதே நெகட்டிவிலிருந்து அவர் போட்ட பிரிண்டுகள் பெரியவை. கறுப்பு இன்னும் கறுத்து, வெண்மை இன்னும் சுடர்ந்தது. ஒரே கீர்த்தனையை இளமையில் ஒரு நிதானத்திலும் முதுமையில் ஒரு கம்பீரத்திலும் அவர் வாசித்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஒரே குன்று, அதன் மேல் ஒரே நீல வானம். அதை வாட்கின்ஸின் ரசாயனம் வெளுக்க வைத்தது, இளம் ஆடம்ஸின் துணிச்சல் கறுக்க வைத்தது, மூத்த ஆடம்ஸின் பக்குவம் சாம்பலில் நிறுத்தியது. மூன்றிலும் ஹாஃப் டோம் வேறு வேறு குணத்தோடு நிற்கிறது. பாறைப் படங்களின் அழகைக் கல்லில் மட்டும் தேடாமல், கல்லைச் சுற்றியிருக்கும் வெளியிலும் தேட இந்த மூன்று படங்கள் கற்றுக்கொடுக்கின்றன. இதற்குக் கண்ணாடித் தகடோ சிவப்பு ஃபில்டரோ இன்று வேண்டியதில்லை. தெளிந்த நீல வானத்தின் கீழ் நீங்கள் எடுத்த ஏதாவது ஒரு குன்றின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நிறங்களைத் தனித்தனியே ஏற்றியிறக்க வசதியுள்ள ஆப் ஒன்றில் நீலத்தை மட்டும் மெல்லக் குறைத்துப் பாருங்கள். வானம் இருண்டுகொண்டே போகும், குன்று முன்னால் வந்துகொண்டே இருக்கும். எந்த இடத்தில் விரலை நிறுத்துகிறீர்கள் என்பதில் உங்கள் ரசனை தெரியும்.