மீள்திறனா, தாங்குதிறனா? சென்னையின் காலநிலைத் திட்டமிடலும் உள்ளடக்கிய வளர்ச்சியும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின் சென்னை நகருக்கென வகுக்கப்பட்ட காலநிலைத் திட்டங்கள் ‘மீள்திறன்’, ‘உள்ளடக்கிய வளர்ச்சி’ ஆகிய இரு கருத்தாக்கங்களையும் ஒருசேர முன்வைக்கின்றன. நடைமுறையில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணைநிற்கின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பு குறித்த வரையறை, ஆற்றங்கரை மக்களின் மறுகுடியமர்வு, திட்டமிடலில் மக்கள் பங்கேற்பு ஆகிய மூன்று களங்களில் இவ்வினா அணுகப்படுகிறது. நகரின் இடர் குறைக்கப்படுவதைவிட இடம் மாற்றப்படுவதே மிகுதி என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: மீள்திறன், தாங்குதிறன், உள்ளடக்கிய வளர்ச்சி, மறுகுடியமர்வு, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம்.

முன்னுரை

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையை மூழ்கடித்தது. 2019 சூன் மாதத்தில் நகருக்குக் குடிநீர் வழங்கும் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. அடுத்த மாதம் சோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்சாங் புயல் மீண்டும் நகரை வெள்ளக்காடாக்கியது. ஒன்பது ஆண்டுகளுக்குள் வெள்ளம், வறட்சி, மீண்டும் வெள்ளம் எனச் சுழன்ற இவ்வனுபவம் வளரும் நாடுகளின் பெருநகரங்கள் பலவற்றிற்கும் பொதுவானது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் ‘நூறு மீள்திறன் நகரங்கள்’ முயற்சியின் கீழ் 2019இல் சென்னைக்கான மீள்திறன் உத்தி வெளியானது. 2050ஆம் ஆண்டிற்குள் கரிமச் சமநிலையை எட்டுவதை இலக்காகக் கொண்ட காலநிலைச் செயல்திட்டம் 2023இல் வெளியிடப்பட்டது. இந்திய ஒன்றியம் தனக்கு வகுத்துக்கொண்ட 2070ஆம் ஆண்டு இலக்கைவிட இது இருபதாண்டு முந்தையது. இவ்வாவணங்களின் நோக்கம் ஐயத்திற்குரியதன்று. ஆனால், அந்நோக்கத்தின் பயன் யாரைச் சேர்கிறது, சுமை யார்மேல் விழுகிறது என்பது ஆய்வுக்குரியது.

சொல்லும் பொருளும்

மீள்திறன் என்னும் கருத்தாக்கம் சூழலியலில் தோன்றியது. சூழல்தொகுதியொன்று இடையூறுகளை உள்வாங்கித் தன் அடிப்படை உறவுகளை இழக்காது நிலைத்திருக்கும் ஆற்றலை விளக்க 1973இல் சி. எசு. ஆலிங் இதனைக் கையாண்டார். காடு, ஏரி முதலியவற்றிற்குப் பொருந்தும் இவ்விளக்கத்தை நகரத்திற்குப் பொருத்துகையில் ஒரு சிக்கல் எழுகிறது. நகரம் ஏற்றத்தாழ்வுகளால் ஆனது. ‘மீளுதல்’ என்பது முந்தைய நிலைக்குத் திரும்புதல் எனின், அம்முந்தைய நிலையே சிலருக்குக் கேடாக அமைந்திருந்தது என்பதை இச்சொல் மறைத்துவிடுகிறது.

தமிழில் இதற்கு ‘மீள்திறன்’, ‘தாங்குதிறன்’ என்னும் இரு சொற்களும் வழங்குகின்றன. முன்னது பழையபடி எழுதலைச் சுட்டுகிறது. பின்னது சுமையைப் பொறுத்தலைச் சுட்டுகிறது. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்புக் குழப்பம் மட்டுமன்று. நகரத்தின் ஒரு பகுதியினர் விரைந்து மீள்வதற்காக மற்றொரு பகுதியினர் நெடிது தாங்க வேண்டியிருக்கிறது என்னும் உண்மை இவ்விரு சொற்களுக்கிடையே புதைந்துள்ளது.

ஆக்கிரமிப்பு: யார் வரையறை?

வெள்ளத்திற்குப் பிந்தைய பொதுவிவாதத்தில் மிகுதியும் ஒலித்த சொல் ‘ஆக்கிரமிப்பு’. ஆனால் சென்னையின் நீர்நிலைகள் மறைந்த வரலாற்றை நோக்கின், அதில் முதன்மைப் பங்கு அரசுத் திட்டங்களுக்கும் நிலச்சந்தைக்கும் உரியது. 1920களில் மாம்பலம் ஏரிப்பரப்பில் தியாகராய நகர் எழுந்தது. பின்னாளில் அம்பத்தூர், முகப்பேர் முதலிய பகுதிகளில் வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகள் ‘ஏரித் திட்டம்’ என்னும் பெயரிலேயே அமைந்தன. மறைந்த நீர்நிலையின் சான்று பெயரில் மட்டும் எஞ்சியது. தென்சென்னையின் வெள்ளநீரை ஏற்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் குப்பைக்கிடங்காலும் சாலைகளாலும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களாலும் சுருங்கியது. எஞ்சிய பகுதி 2022இல்தான் ராம்சார் தளமாக ஏற்கப்பட்டது.

2015 வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை அதனை மனிதரால் விளைந்த பேரிடராகக் கண்டு, நீர்த்தேக்க மேலாண்மைக் குறைகளைச் சுட்டியது. அவ்வாறாயினும் வெள்ளத்தின் பின் உடனடியாக அகற்றப்பட்டோர் கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த ஏழைகளே. பட்டா பெற்ற நீர்நிலைக் கட்டடம் ‘வளர்ச்சி’ எனவும் பட்டாவற்ற ஆற்றங்கரைக் குடிசை ‘ஆக்கிரமிப்பு’ எனவும் பகுக்கப்படுகையில், அளவுகோலாவது நீரின் வழியன்று, நிலவுரிமை ஆவணமே.

பெரும்பாக்கம்: இடரின் இடமாற்றம்

அகற்றப்பட்டோரில் பெரும்பாலோர் நகரின் தென்கோடிக்கு அப்பாலுள்ள பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டனர். 2000ஆம் ஆண்டளவில் கண்ணகி நகரிலும் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியிலும் பின்பற்றப்பட்ட முறையின் தொடர்ச்சி இது. பெரும்பாக்கத்தில் மட்டும் அடுக்குமாடித் தொகுதிகளாக 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுப்பப்பட்டுள்ளன. இவ்விடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியது. வெள்ள இடரிலிருந்து காக்கவென ஆற்றங்கரையினின்று அகற்றப்பட்ட மக்கள் சதுப்புநில விளிம்பிற்குக் கொண்டுவரப்பட்டனர். 2015இலும் 2023இலும் வெள்ளம் சூழ்ந்த பகுதிகளுள் இதுவும் ஒன்று.

இழப்பு வெள்ளத்தோடு முடிவதில்லை. வீட்டுவேலை, சுமைதூக்குதல், மீன்விற்பனை, தெருவோர வணிகம் ஆகியவை பணியிடத்தின் அண்மையை நம்பிய தொழில்கள். அவ்வண்மை அற்றுப்போகையில் பயணச்செலவு கூலியை விழுங்குகிறது. அதிகாலை வேலைக்குச் செல்லும் பெண்களின் வாய்ப்பு முதலில் பறிபோகிறது. கல்வியாண்டின் நடுவே இடம்பெயரும் பிள்ளைகளின் படிப்பு முறிகிறது. ஓர் இடரைக் குறைக்க எடுத்த நடவடிக்கை பிறிதோர் இடரைப் பெருக்குவதைக் காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளிடைக் குழுவின் 2022ஆம் ஆண்டு அறிக்கை பிழைத்தகவமைப்பு என்னும் பொருளில் விரிவாகப் பேசுகிறது. பெரும்பாக்கம் அதற்குத் தக்க சான்று.

ஆற்றங்கரையிலேயே மக்களை விட்டுவிடுதல் தீர்வாகுமா எனும் எதிர்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. 2015இல் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் உடைமைகளை இழந்தன. எனவே இடம்பெயர்வே கூடாதென்பது வாதமாகாது. எவ்வளவு தொலைவிற்கு, எத்தகைய நிலத்திற்கு, யாருடைய இசைவுடன் என்பனவே வினாக்கள்.

பங்கேற்பும் மொழியும்

சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடைபெற்றது. மீள்திறன் உத்தி வெளியான 2019இல் நகரின் 200 வட்டங்களுள் ஒன்றிற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லை. நல்லாட்சியையும் மக்கள் பங்கேற்பையும் வலியுறுத்தும் ஓர் ஆவணம், மக்கள் மன்றமே இல்லாத காலத்தில் உருவாயிற்று. 1992இன் 74ஆம் அரசமைப்புத் திருத்தம் உறுதியளித்த உள்ளாட்சி உரிமையோடு ஒப்பிட்டால் இம்முரண் தெளிவாகும்.

2022இல் வெளியான காலநிலைச் செயல்திட்டத்தின் வரைவு முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே கிடைத்தது. தமிழ் வடிவம் கோரிக்கைகள் எழுந்த பின்னரே வந்தது. வெள்ளநீர் புகும் வீடுகளில் வாழ்வோர் படிக்கவியலாத மொழியில் கருத்துக் கேட்பது, கேட்காமையினின்று பெரிதும் வேறுபட்டதன்று. உள்ளடக்குதல் என்பது பயனாளிகளின் பட்டியலில் பெயர் சேர்த்தலன்று. முடிவெடுக்கும் அவையில் இடம் தருதல்.

மாற்று முன்மாதிரிகள்

தாய்லாந்து அரசு 2003இல் தொடங்கிய ‘பான் மன்கோங்’ திட்டம் இங்கு ஒப்பிடத்தக்கது. குடியிருப்போர் சேமிப்புக் குழுக்களாகத் திரண்டு, நில உரிமையாளரோடு பேச்சு நடத்தி, இயன்றவரை அதே இடத்திலோ அருகிலோ வீடுகளை மேம்படுத்திக்கொள்ள அரசு கடனும் மானியமும் வழங்கியது. இந்தியாவில், 2010இன் கடும் வெப்ப அலைக்குப் பின் அகமதாபாது நகரம் 2013இல் வகுத்த வெப்பச் செயல்திட்டம், முன்னெச்சரிக்கையும் சுகாதாரப் பணியாளர் பயிற்சியும் எளியோரைச் சென்றடைய வழிவகுத்தது.

சென்னையே முன்னர் இவ்வழியில் நடந்துள்ளது. 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டம் தன் பெயரிலேயே ‘மாற்று’தலோடு ‘மேம்பாட்டை’யும் கொண்டது. 1977இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அடிப்படை வசதிகளுடன் மனைகள் வழங்கப்பட்டன. குடிசைப் பகுதிகள் இருந்த இடத்திலேயே மேம்படுத்தப்பட்டன. அவ்வழி பின்னர் கைவிடப்பட்டதற்கு நகர நிலத்தின் விலையேற்றம் முதன்மைக் காரணம். ஏழைகளின் இடம் நகரின் விளிம்பே என முடிவு செய்தது காலநிலையன்று; நிலத்தின் விலை.

முடிவுரை

சென்னையின் காலநிலைத் திட்டங்கள் இடரை அளவிடுவதில் முன்னேறியுள்ளன. இடரைப் பகிர்வதில் முன்னேறவில்லை. குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது. அம்மாற்றம் பெயரளவில் நில்லாதிருக்க மூன்று நிபந்தனைகள் தேவைப்படுகின்றன. முதலாவதாக, நீர்வழி ஆக்கிரமிப்பு என்னும் வரையறை பட்டா உள்ளோர்க்கும் இல்லோர்க்கும் ஒன்றாதல் வேண்டும். இரண்டாவதாக, மறுகுடியமர்வு தவிர்க்கவியலாத இடத்து, அது வெள்ள அபாயமற்றதும் பணியிடத்திற்கு அண்மையானதுமான நிலத்தில் அமைதல் வேண்டும். மூன்றாவதாக, திட்ட வரைவுகள் தமிழிலேயே முதற்கண் வெளியாகி, வட்டக் குழுக்களிலும் பகுதி சபைகளிலும் விவாதிக்கப்படுதல் வேண்டும்.

சென்னைப் பெருநகரின் மூன்றாம் முழுமைத் திட்டத்திற்கான பணிகள் நடைபெறும் இக்காலத்தில் இவை உடனடிப் பொருத்தம் உடையவை. அடுத்த இருபதாண்டுகளுக்கு நகரின் எந்நிலம் யாருக்கு என்பதை அத்திட்டமே முடிவு செய்யும். அம்முடிவில் ஆற்றங்கரை மக்களின் குரல் இடம்பெறாவிடின், நகரம் ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் மீளும்; அவர்கள் ஒவ்வொரு முறையும் தாங்குவர்.