அப்சிந்தும் எட்டியும்: விவிலியத் தமிழில் ஒரு கசப்புச் சொல்

பிரெஞ்சு மொழியில் ‘அப்சிந்த்’ என்னும் சொல் ஒரு செடியையும், அதனைச் சேர்த்து வடித்த மதுவையும், மனக்கசப்பையும் ஒருங்கே குறிக்கும். 1805இல் பொந்தார்லியே நகரில் பெர்னோ தொடங்கிய வடிசாலையும் 1915இல் பிரான்சு விதித்த தடையும் அச்சொல்லின் வரலாற்றுக்குரியன. வெளிப்படுத்தின விசேஷத்தில் (8:11) நீர்நிலைகளின்மேல் விழும் விண்மீனின் பெயரும் கிரேக்கத்தில் ‘அப்சிந்தோஸ்’ என்பதே.

தமிழில் அவ்விண்மீன் ‘எட்டி’ ஆயிற்று. ஹென்றி பவர் பெயரால் அறியப்படும் 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் வழிவந்த விவிலியத்தில் நீதிமொழிகள் (5:4), ஆமோஸ் (5:7), புலம்பல் (3:15) ஆகியவற்றில் வரும் எபிரேய ‘லஆனா’வும் எட்டியே. (வணிகர் பெற்ற ‘எட்டி’ப் பட்டம் வேறு, அது இங்குப் பொருந்தாது.)

தாவரவியல் நோக்கில் இஃது பிழை. அப்சிந்த் ஆர்ட்டிமீசியா பேரினச் செடி. மாசிபத்திரியும் மரிக்கொழுந்தும் அதன் உறவினங்கள். எட்டியோ காஞ்சிரை எனவும் வழங்கும் மரம். அதன் விதையில் ஸ்ட்ரிக்னின் நஞ்சு உண்டு. ஆயினும் பிழை என்று கூறி நிறுத்துவது மேலோட்டமான மதிப்பீடு. மரிக்கொழுந்து எனப் பெயர்த்திருந்தால் தமிழ் வாசகருக்குப் பூக்கடை மணமே முந்தியிருக்கும். கசந்த நீரால் பலர் மாண்டனர் என்னும் செய்திக்கு எட்டி, மூலச்சொல்லிலும் நேரான காரணமாகிறது.

ஆனால் அந்த ஆதாயமே புலம்பலில் இழப்பாகிறது. அங்குப் பேசுபவன் கசப்பால் நிரப்பப்பட்டும் உயிரோடிருக்கிறான். எட்டியோடு வெறியும் இணைக்கப்படுகிறது. எட்டி தருவது வெறியன்று, வலிப்பு. அதை வயிறார உண்டவன் புலம்பப் பிழைத்திரான். ‘லஆனா’ சுட்டும், வாழ்ந்து தீர்க்க வேண்டிய கசப்பு, இங்கே சாவின் கசப்பாகிவிடுகிறது.

எட்டியின் பொருளும் ஓரிடத்தில் நிற்பதன்று. தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் பயில்வோருக்கு எட்டிக்கொட்டை சுத்தி செய்தபின் மருந்துச் சரக்கு. அதே வட்டாரத்துத் தேவாலயங்களில் விவிலியம் கேட்போருக்கு அது தண்டனையின் பெயர். ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்னும் பழமொழியிலோ பயன்படாச் செல்வத்தின் உவமை.

பிரெஞ்சுப் புனைகதையைப் பெயர்ப்பவர் இம்மதுவை ‘எட்டிச் சாராயம்’ என எழுத இயலாது. தமிழ்நாட்டு வாசகர் கள்ளச்சாராயச் சாவுகளையே நினைப்பர். ஒலிபெயர்ப்பே தக்கது. ஆனால் 1876ஆம் ஆண்டளவில் தெகா தீட்டிய ஓவியத்தின் தலைப்பை ‘அப்சிந்த்’ என்று எழுதும்போது, அப்பெண்ணின் முன்னுள்ள கோப்பைக்கும் அந்த விண்மீனுக்கும் பிரெஞ்சில் உள்ள பெயரொற்றுமை தமிழில் மறைந்துபோகிறது.