பிறருடலில் நோற்கும் நோன்பு

புலால் உண்ணாமை உயர்ந்ததோர் அறம் என்பதில் எமக்கு ஐயமில்லை. பிறிதோருயிரின் வேதனையைத் தன் வேதனையாக உணர்ந்து, அவ்வுணர்வின் பொருட்டுத் தன் நாவை அடக்கிக்கொள்பவன் பண்பாட்டில் ஒருபடி மேலேறியவனே. ஆயினும், அறம் எவர் கையிலும் எந்நிலையிலும் அறமாகவே நின்றுவிடுவதில்லை. ஒருவன் தனக்கு விதித்துக்கொள்ளும்போது நோன்பாக இருப்பது, நலிந்து கிடக்கும் இன்னொருவருக்கு விதிக்கப்படும்போது தண்டனையாக மாறிவிடக்கூடும். அம்மாற்றம் எங்கே நிகழ்கின்றது என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் வினா.

இவ்வினாவை எழுப்பியது ஒரு சிறு நிகழ்ச்சி. எமது வகுப்பு மாணவி ஒருத்தி சில நாள்களாகப் பாடசாலைக்கு வரவில்லை. விசாரித்தபோது, தாய்க்குக் குருதிச்சோகை முற்றிவிட்டதென்றும் வீட்டுவேலை முழுவதும் பிள்ளையின் தலையில் விழுந்துவிட்டதென்றும் அறிந்தோம். இரும்புச்சத்து மாத்திரைகளோடு மீன், முட்டை, ஈரல் என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுமாறு வைத்தியர் கூறியிருந்தார். தகப்பனாரின் குடும்பமோ பரம்பரையாக மரக்கறி உண்பது. "எங்கட அடுப்பில மச்சம் ஏறாது" என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். அவருடைய தாயாரும் அதனை ஆமோதித்தார். நோயுற்ற அப்பெண்ணோ மணமாகி வரும்வரை பிறந்தகத்தில் மீன் உண்டு வளர்ந்தவர். ஆசிரியர் ஓய்வறையில் இச்செய்தி அடிபட்டபோது நண்பரொருவர், "காந்தியடிகள் மனைவி சாகக் கிடந்தபோதும் இறைச்சிச்சாறு கொடுக்க இணங்கவில்லை, இந்த மனிதர் செய்ததும் அதுதானே?" என்றார். அன்றிரவே 'சத்திய சோதனை'யை நாம் மீண்டும் கையிலெடுத்தோம்.

அந்நூல் 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் தொடராக வெளிவந்தது. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது தொடர் இன்னும் முடிவெய்தவில்லை. எம்மவர் அதனை அறநூலாகப் போற்றுவர். இலக்கியமாக ஊன்றிப் படிப்போர் சிலரே. ஊன்றிப் படிப்பின், அதில் மூன்று நோய்ப்படுக்கைகளைக் காணலாம். மூன்றிடத்தும் எழுவது ஒரே கேள்வி. விடை மாத்திரம் ஒன்றாக இல்லை.

முதற்படுக்கை மகன் மணிலாலுடையது. 1902-ஆம் ஆண்டில் பம்பாயில் வாழ்ந்தபோது அச்சிறுவனை நெருப்புக்காய்ச்சலும் சளிச்சுரமும் ஒருங்கே பற்றின. முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கவேண்டும் என்றார் பார்சி வைத்தியர். பிள்ளை வளர்ந்தவனாயிருப்பின் அவன் விருப்பத்தை அறிந்து மதித்திருப்பேன். பத்து வயதுப் பிள்ளைக்காக நானே முடிவு செய்யவேண்டியுள்ளது என்ற கருத்தில் விடையிறுத்த காந்தி, நீர்ச்சிகிச்சையைத் தொடங்கினார். மகனிடமும் கேட்டார், அவன் தந்தையின் பக்கமே நின்றான். இவ்விடத்தில் நூலாசிரியர் எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. அவ்விடை தமக்கு மகிழ்ச்சி தந்ததெனக் கூறும் அவர், தாம் முட்டையைக் கொடுத்திருப்பினும் பிள்ளை உண்டிருப்பான் என்பதையும் அறிந்திருந்ததாக ஒப்புக்கொள்கிறார். காய்ச்சல் 104 பாகையில் நின்ற இரவிலே, தம் கொள்கைப் பித்தைப் பிள்ளைகள்மேற் சுமத்தப் பெற்றோர்க்கு உரிமை ஏது என்ற எண்ணம் அவரை வாட்டியது. பிள்ளை பிழைத்தான். ஆயினும் அக்கேள்விக்கு நூலில் விடையில்லை. பிள்ளை பிழைத்தமை அதற்கு விடையாகாது.

இரண்டாவது, கஸ்தூரிபாயின் படுக்கை. தென்னாபிரிக்காவில், டர்பன் நகரில், மயக்கமருந்தின்றிச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட அவர் மெலிந்து கிடந்தார். மாட்டிறைச்சிச்சாறு கொடுக்க அனுமதி வேண்டி வைத்தியர் ஜொகனஸ்பேர்க்கிலிருந்த காந்தியோடு தொலைபேசியிற் பேசினார். தாம் அனுமதி தருவதற்கில்லை; ஆனால் கஸ்தூரிபாயிடம் கேளுங்கள், அவர் விரும்பினால் அவர் இஷ்டம் என்பதே காந்தியின் விடை. எமது நண்பர் மறந்த பகுதி இதுவே. நோயாளியிடம் கேட்கும் வழக்கம் தமக்கில்லை என்றார் வைத்தியர். காந்தி டர்பன் சேர்ந்தபோது, சாறு முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி காத்திருந்தது. நோயாளியைக் காப்பாற்றுதற்கு ஏமாற்றுவதும் தகும் என்பது அவ்வைத்தியரின் நியாயம்.

பின்னர் கஸ்தூரிபாயே தமக்கு அது வேண்டாம் என்று உறுதியாகக் கூறினார். கணவன் கேட்கும்போது மனைவி வேறு எவ்விடை கூறமுடியும் என நாம் ஐயுறலாம். அவ்வையத்தைப் போக்குவதுபோல் நூலில் இன்னொரு காட்சி வருகின்றது. பீனிக்ஸ் குடியிருப்புக்கு வந்த சுவாமி ஒருவர், மனுவின் சுலோகங்களைச் சான்று காட்டி, புலாலுண்பதிற் பாவமில்லை என்று வாதித்தார். சாத்திரம் அனுமதித்தபோதும் கஸ்தூரிபாய் அசையவில்லை; தம்மை மேலும் தொந்தரவு செய்யவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது அவருடைய நோன்பேயன்றிக் கணவனின் நோன்பன்று.

மூன்றாவது படுக்கை காந்தியினுடையது. 1918-ஆம் ஆண்டில் கேடா மாவட்டத்தில் அலைந்து திரிந்தபோது கடுமையான சீதபேதி அவரை வீழ்த்தியது. பசுவும் எருமையும் கறவையின்போது படும் கொடுமையை அறிந்து, 1912 முதல் அவர் பாலையும் விலக்கியிருந்தார். பால் உண்ணாவிடின் உடல் தேறாது என்றார் வைத்தியர். விரதம் இருக்கிறதே என்று தயங்கியபோது, அருகிருந்த கஸ்தூரிபாய், ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று வழி கூறினார். காந்தி இசைந்தார். சத்தியாக்கிரகம் நடத்தும் ஆவல் தம்முள் வாழும் ஆசையை எழுப்பியதென்றும், விரதத்தின் சொல்லைக் காத்து அதன் உயிரைப் பலியிட்டதாகவும் அவர் வருந்தி எழுதுகிறார்.

இங்கேதான் நாம் நூலாசிரியரோடு மாறுபடுகின்றோம். அவர் இதனைத் தமது வீழ்ச்சியாகக் கருதுகிறார்; எமக்கோ நூலின் மிக மனிதத்தன்மை வாய்ந்த பகுதியாக இதுவே படுகின்றது. வாழவேண்டும் என்னும் விருப்பமும் தராசில் வைக்கவேண்டிய ஓர் எடை என்பதை அவர் தம் படுக்கையிலேயே கண்டார். அவ்வெடை மகனின் படுக்கையருகே வைக்கப்படவில்லை. கஸ்தூரிபாயோ தம் நோயில் அணுவளவும் நெகிழாதவர். கணவனின் நோயில் வழிதேடி நெகிழ்ந்தவர். தனக்குக் கண்டிப்பு, பிறர்க்கு இரக்கம் என்னும் இவ்வொழுங்கே புலால் மறுத்தலுக்கும் அடிப்படை. அது தலைகீழானால் அறத்தின் பெயர் எஞ்சும், அருள் எஞ்சாது.

எமது பழைய மரபும் இதற்கு முரணானதன்று. வள்ளுவர் 'புலால் மறுத்தல்' என்னும் 26-ஆம் அதிகாரத்தை இல்லறவியலில் வைக்கவில்லை; அருளுடைமைக்கும் தவத்துக்கும் இடையே துறவறவியலில் வைத்தார். தவம் தானே மேற்கொள்வது, பிறரால் மேற்கொள்ளுவிக்கப்படுவதன்று. 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது, நோயுற்றவனையே முதலில் நிறுத்துகிறார். வைத்தியனும் மருந்தும் உடனிருந்து பேணுபவனும் அவன் பின்னரே வருகின்றனர். டர்பன் வைத்தியரும் எமது மாணவியின் தகப்பனாரும் எதிரெதிர்க் கட்சியினர்போலத் தோன்றினும் ஒரே தவற்றைச் செய்தவர்கள். இருவரும் முதற்கூற்றை மறந்தனர்.

விஞ்ஞானம் இருதரப்பார்க்கும் அடக்கத்தையே போதிக்கின்றது. அன்றைய வைத்தியர் உயிர்காக்கும் என நம்பிய மாட்டிறைச்சிச்சாற்றில் ஊட்டம் மிகச் சிறிதே என்பது இன்று தெளிவு. பருப்பும் கீரையும் தேசிக்காய்ப் புளியோடு உண்ணப்படின் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். உணவோடு குடிக்கும் தேநீர் அதனைத் தடுக்கும். எனினும் இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்புச்சத்தே எளிதிற் சேருவது. உயிர்ச்சத்து பி12 இயல்பாகக் கிடைப்பது விலங்குணவிலேயே. பாலும் முட்டையும் விலக்குவோர் அதனை மருந்தாகவேனும் பெறவேண்டும். ஆகவே, மச்சம் உண்ணாதார் யாவரும் நோயாளர் என்பதும் பொய். மரக்கறி எந்நோயையும் தீர்க்கும் என்பதும் பொய். உடலுக்கு உடல் கணக்கு வேறு.

இன்னொன்றையும் கூறாதுவிடின் இவ்வாராய்ச்சி நிறைவுறாது. எமது சமூகத்தில் அடுப்பின் சுத்தம் பலவேளைகளில் உயிர்க்கருணையின் பாற்பட்டதன்று, சாதிப்பெருமையின் பாற்பட்டது. 'மச்சம் தின்பவர்' என ஒருசாராரை ஒதுக்குவதற்கு அது ஒரு வேலியாயிற்று. அவ்வேலியைக் காக்கும் பொறுப்பு, வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பெண்ணின் உடல்மீது சுமத்தப்படுகின்றது. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் முட்டையொன்று வாங்கவே வழியற்றுத் தவித்த குடும்பங்களுக்கோ உண்பதா விலக்குவதா என்ற வினாவே எழவில்லை. தெரிவு செய்யும் வசதி உள்ளவர்க்கே விலக்குதல் அறமாகும். வசதியற்றவர்க்கு அது வெறும் பட்டினி.

மாணவி பாடசாலைக்குத் திரும்பியபின் நாம் அவளிடம் ஒன்று மாத்திரம் கேட்டோம்: "அம்மாவின் விருப்பம் என்ன?" அவள் விழித்தாள். இரண்டு நாள்களின் பின் வந்து கூறினாள்: "அம்மா சிரிச்சவ, சேர். 'என்னை ஆர் பிள்ளை இதுவரைக்கும் கேட்டது?' எண்டவ."

முட்டையை உண்பதும் உண்ணாதிருப்பதும் இனி அத்தாயின் தீர்மானம். உண்ணாதிருக்கத் துணிந்தால் அந்நோன்பை நாம் வணங்குவோம். உண்ணத் துணிந்தால் அடுப்பை மூட்டிக்கொடுப்பது அவ்வீட்டாரின் கடமை. இரண்டுக்கும் முன்னர் அவரிடம் கேட்கவேண்டும்.