மண்டலம் முடிந்த மறுநாள்

தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டவரிடமோ ஐயப்பனுக்கு மாலை போட்டவரிடமோ சிகரெட் பழக்கத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "விரதத்துல தொடவே மாட்டேங்க" என்பார். நாளுக்கு ஒரு பெட்டி ஊதியவர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், அதை வாயில் வைப்பதில்லை. மாத்திரை கிடையாது, ஆலோசனை கிடையாது. மண்டலம் முடிந்த மறுநாளோ, கையில் மறுபடியும் பெட்டி.

ரப்பர் தோட்டங்களை விட்டு மலேசியாவின் தஞ்சோங் மாலிம், பேராங், சிலிம் ரிவர் வட்டாரத்துத் தாமான் குடியிருப்புகளில் குடியேறிய நம் மக்களிடம் நெஞ்சு நோய்க்கென்று இப்படிச் சொந்த வழிகள் பல உண்டு. விரதம், ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை ரசம், மூச்சுப் பயிற்சி. இவற்றை மூடத்தனம் என்று ஒதுக்குவோரும், கைகண்ட மருந்து என்று தலையில் தூக்கி வைப்போரும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால்தான் எது தேறும், எது தேறாது என்று தெரியும்.

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு முதல் காரணம் சிகரெட். லயத்து வீடுகளில் ஆண்டுக்கணக்கில் விறகடுப்புப் புகையைச் சுவாசித்த பெண்களுக்கும் இது வருகிறது. போன நுரையீரலை எந்த மருந்தும் மீட்டுத் தராது. மிஞ்சியதன் தேய்மானத்தைக் குறைக்க உறுதியாகத் தெரிந்த வழி, புகையை விடுவது. அமெரிக்காவிலும் கனடாவிலும் புகைப்பவர்களை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில், தொடர்ந்து புகைத்த ஆண்களின் மூச்சுத் திறன் ஆண்டுக்குச் சுமார் 66 மில்லிலிட்டர் குறைந்தது. விட்டவர்களுக்கு 30 மில்லிலிட்டர்தான் குறைந்தது. ஆகவே எந்த முறையைப் பற்றியும் முதலில் இப்படித்தான் கேட்க வேண்டும்: அது புகையை விட வைக்கிறதா? விட்டவர் விட்டவராகவே இருக்கிறாரா?

முதல் கேள்வியில் விரதம் நன்றாகவே தேறுகிறது. நிக்கோட்டின் நின்றதும் வரும் எரிச்சல், தூக்கமின்மை, ஏக்கம் எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்தில் இருந்து, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். 48 நாள் என்பது அதையும் தாண்டிய காலம். விரதக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதில்லை, குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்துகிறார். 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 22 விழுக்காட்டினரும், படிப்படியாகக் குறைத்தவர்களில் 15.5 விழுக்காட்டினரும் புகையைத் தொடாமல் இருந்தார்கள். சுற்றமும் துணை நிற்கிறது. "சாமி" என்று அழைக்கப்படுபவரிடம் யாரும் சிகரெட்டை நீட்டுவதில்லை. பீரும் அதன் கூட்டாளிகளும் அந்த நாட்களில் விலகியிருப்பதால், கையைச் சிகரெட்டுக்கு இழுக்கும் பெரிய தூண்டுதலும் இல்லை. எந்தக் கிளினிக்கும் இத்தனையையும் ஒருசேரத் தர முடியாது.

இரண்டாவது கேள்வியில்தான் சறுக்கல். நேர்த்திக்கு முடிவுநாள் உண்டு. அந்த நாளைக் குறித்துக்கொண்டு காத்திருப்பவர் பழக்கத்தை விடவில்லை, ஒத்திப்போட்டிருக்கிறார். உடலின் ஏக்கம் அடங்கி, உண்மையிலேயே விட்டுவிடக்கூடிய நேரம் கனிந்திருக்கும்போதுதான் கட்டும் அவிழ்கிறது. இதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் 48 நாள் நிறுத்திக் காட்டியவருக்கு, "நெனைச்சா விட்டுடுவேன், நான் ஒண்ணும் அடிமை இல்ல" என்ற நம்பிக்கை ஊறிப்போகிறது. அந்த நம்பிக்கையே அவரைக் கிளினிக் பக்கம் போகவிடாமல் ஆண்டுகளை விழுங்குகிறது. மாடிப்படி ஏற மூச்சு முட்டும் நாளில்தான் அவர் போகிறார்.

மூலிகைகளைப் பழிக்க யாருக்கும் உரிமையில்லை. 1802 வாக்கில் மதராஸில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தையைப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் நம் ஊர் வழக்கத்தை ஜெனரல் ஜென்ட் என்பவருக்குச் சொல்ல, அது பிரிட்டனுக்குப் போனது. ஊமத்தையில் உள்ள அட்ரோபினின் வழிவந்தவைதான் இன்று சிஓபிடி நோயாளிகள் உறிஞ்சும் இப்ராட்ரோபியம், டியோட்ரோபியம் மருந்துகள். ஆடாதோடையின் வாசிசினிலிருந்து உருவானது சளியை இளக்கும் புரோம்ஹெக்ஸின். ஆனால் அந்தச் செடிகள் மருந்தானது, அளவு கண்டு, நஞ்சைப் பிரித்து, நோயாளிகளிடம் சோதித்த பிறகுதான். முன்னோர் அறிவு உண்மை என்பதற்கு இது சான்று. அளக்காமல் குடிப்பதற்கு இது அனுமதி ஆகாது.

கடையில் வாங்கும் லேகியப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். MAL என்ற எழுத்துகள், எட்டு இலக்கங்கள், கடைசியில் T என்ற எழுத்து இருந்தால் அது பதிவுபெற்ற பாரம்பரிய மருந்து. அரசு அதன் தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்திருக்கிறது என்பதே அதன் பொருள். நோயைக் குணப்படுத்தும் என்று அது உறுதி சொல்லவில்லை. எண்ணே இல்லாத போத்தல்தான் பேராபத்து. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டை ரகசியமாகக் கலந்த பொருட்களைப் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டே வேளையில் இளைப்பு பறந்துபோனால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். அந்தச் சுகத்தின் விலையாக இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், திடீரென்று நிறுத்தினால் உடல் நிலைகுலையும்.

மூச்சுப் பயிற்சி விரதம், மூலிகை இரண்டையும்விடத் தெளிவாகத் தேறுகிறது. ஆய்வுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில், மூன்று மாதம் பிராணாயாமத்தோடு யோகா செய்தவர்கள் ஆறு நிமிடத்தில் சராசரியாக 45 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். அதற்கு ஆதாரம் இரண்டு சிறிய ஆய்வுகள் மட்டுமே, பங்கேற்றவர்கள் 74 பேர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்தப் பயிற்சி என்பதும் முக்கியம். உதட்டைக் குவித்து மெல்ல, நீளமாக மூச்சை விடுவது இந்த நோய்க்குப் பொருந்தும். அடைபட்ட நுரையீரலில் காற்று வெளியேறவே நேரம் வேண்டும். வேகவேகமாக ஊதும் கபாலபாதி அந்த நேரத்தைப் பறித்து, காற்றை உள்ளேயே தேக்கிவிடும். நலமாக இருப்பவருக்கு நல்லது நோயாளிக்கும் நல்லது என்று எண்ணிக் கற்றுத்தரும் ஆசிரியர் இங்கே தவறுகிறார்.

ஆக, குறை முறைகளில் இருப்பதைவிட அவை தனித்து நிற்பதில்தான் அதிகம். கோயிலுக்கும் கிளினிக்குக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அரசு சுகாதார கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு மருத்துவரைப் பார்க்கலாம். புகைப்பதை நிறுத்த உதவும் சேவையும் அங்கே உண்டு. ஆறு மாதம் தொடாமல் இருந்தால்தான் அங்கே விட்டதாகக் கணக்கு. விரதத்தின் 48 நாளுக்குப் பிறகு மிச்சமிருக்கும் நான்கு மாதங்களுக்கு மேலான வழியை அந்தச் சேவை கூடவே நடந்து கடக்கவைக்கும்.

கோயில் நிர்வாகங்களிடம் கேட்பது இதுதான். மாலை போடும் நாளில் புகைக்கும் பக்தர்களின் பெயரை அவர்கள் சம்மதத்தோடு கிளினிக்கில் பதிந்து கொடுங்கள். மண்டலம் முடியும் வாரத்திலேயே அவர்களுக்கு முதல் சந்திப்பு நாளை வாங்கிக் கொடுங்கள். நாற்பது வயது தாண்டி, இருமலும் இளைப்பும் விடாதவர்களுக்கு ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைப் பற்றிச் சொல்லுங்கள். கஷாயம் குடிப்பவர் குடிக்கட்டும். ஆனால் மருத்துவர் கொடுத்த மருந்துப் பம்பை நிறுத்தாமல், குடிப்பதை அவரிடம் மறைக்காமல் குடிக்கட்டும். 48 நாள் கட்டுப்பாடு காத்தவரிடம் மனவலிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு இல்லாதது 49-ஆம் நாளுக்கான துணை மட்டுமே.