ஒரு நியூட்ரல், இரண்டு சர்க்யூட்

அமெரிக்க வீட்டு வயரிங்கில் நெடுநாளாகப் புழங்கும் முறை ஒன்று உண்டு. பேனலிலிருந்து கறுப்பு, சிவப்பு என இரண்டு லைன் வயர்கள் கிளம்பும். இரண்டுக்கும் பொதுவாக வெள்ளை நியூட்ரல் ஒன்றுதான் வரும். அந்நாட்டு மின்விதித் தொகுப்பான நேஷனல் எலக்ட்ரிக்கல் கோட் இதற்கு வைத்த பெயர் மல்டிவயர் பிராஞ்ச் சர்க்யூட். 1883இல் பென்சில்வேனியாவின் சன்பரியில் எடிசன் மூன்று கம்பி முறையில் மின்சாரம் கொடுத்தார். செம்பைக் குறைக்க வேண்டும் என்பதே அன்று அவருடைய நோக்கம். இந்த முறையின் நோக்கமும் அதுவே.

மின்னியலாகப் பார்த்தால் இதில் குறையே இல்லை. அங்கே ஒவ்வொரு லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். ஒரு லைன் ஏறும்போது மற்றது இறங்குவதால், இரண்டுக்கும் இடையே 240. கறுப்பில் 15 ஆம்பியர், சிவப்பில் 12 ஆம்பியர் ஓடினால் நியூட்ரலில் திரும்புவது 3 ஆம்பியர்தான். நான்கு வயர் இழுக்க வேண்டிய இடத்தில் மூன்று போதும். சுமை சமமாக இருந்தால் வோல்டேஜ் இழப்பும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஆனால் அந்த ஒற்றை வெள்ளை வயர் விட்டுப்போனால் கதை மாறுகிறது. கறுப்பில் 1200 வாட் டோஸ்டர், சிவப்பில் 120 வாட் டிவி என்று வைத்துக்கொள்வோம். டோஸ்டரின் மின்தடை 12 ஓம், டிவியினுடையது சுமார் 120 ஓம். நியூட்ரல் போனதும் இரண்டும் தொடராகி 240 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும்: டோஸ்டருக்கு 22 வோல்ட், டிவிக்கு 218. ஓடும் மின்னோட்டமோ 2 ஆம்பியர்கூட இல்லை. எனவே பிரேக்கர் விழாது, டிவி கருகும். கம்பத்தில் நியூட்ரல் அறுந்து வீட்டுச் சாமான்கள் வரிசையாகப் புகைந்ததைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

நியூட்ரல் எங்கே விடுபடும்? பெரும்பாலும் சாக்கெட் பெட்டிக்குள்தான். வந்த வெள்ளை வயரை ஒரு திருகிலும், அடுத்த அறைக்குப் போகும் வெள்ளையை இன்னொரு திருகிலும் மாட்டியிருப்பார்கள். பழைய சாக்கெட்டைக் கழற்றியதுமே அதற்கு அப்பால் உள்ள நியூட்ரல் முழுவதும் அறுந்துவிடும். அதனால்தான் கோடின் 300.13 பிரிவு, வெள்ளை வயர்களைத் தனியே முறுக்கி இணைத்து, சாக்கெட்டுக்கு ஒரு கிளைத்துண்டு மட்டும் கொடுக்கச் சொல்கிறது. அந்தத் தொகுப்பிலேயே மிகச் சிக்கனமான, மிகப் பயனுள்ள விதிகளில் ஒன்று இது என்பேன்.

பழுது பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. கறுப்பின் பிரேக்கரை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, வெள்ளை இணைப்பைப் பிரிக்கிறார். சிவப்பில் எங்கோ எரியும் விளக்கின் வழியாக அந்த வெள்ளை முனையில் 120 வோல்ட் நிற்கும். முறைப்படி சோதித்தவரும் அடி வாங்குவார். இரண்டு லைன்களும் ஒரே சாக்கெட்டில் முடிந்தால் மட்டும் சேர்ந்து அணைய வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2008 பதிப்பு அதை எல்லா மல்டிவயர் சர்க்யூட்டுக்கும் விரித்தது: இரட்டை முனை பிரேக்கர் வேண்டும், அல்லது இரண்டு பிரேக்கர்களின் கைப்பிடிகளையும் பிணைக்க வேண்டும். ஒரு விளக்கை மாற்ற இரண்டு சர்க்யூட்டையும் இருட்டாக்குவதா என்ற முணுமுணுப்பை நான் ஏற்கவில்லை. உயிரோடு ஒப்பிட்டால் சில நிமிட இருட்டு ஒரு விலையே அல்ல.

அந்த விதியால் இன்னொரு நன்மையும் வந்தது. இரண்டு வயர்களும் தவறுதலாக ஒரே லைனில் மாட்டப்பட்டால் நியூட்ரலில் கழித்தல் நடக்காது, கூட்டல் நடக்கும். 20 ஆம்பியர் வயரில் 40 ஓடும். நியூட்ரலுக்குப் பிரேக்கர் இல்லாததால் சுவருக்குள் சூடேறுவது வெளியே தெரியாது. பிணைத்த பிரேக்கர்கள் அடுத்தடுத்த இடங்களில் அமர வேண்டும். வழக்கமான பேனல்களில் அவை வெவ்வேறு லைன்களைத் தொடுவதால், பெரும்பாலும் இந்தப் பிழைக்கே இடமில்லாமல் போகிறது.

இத்தனைக்குப் பிறகும் புது வீட்டில் இம்முறை தேவையா? தேவையில்லை என்றே நினைக்கிறேன். மின்கசிவையும் தீப்பொறியையும் கண்டறியும் ஒற்றை முனை பிரேக்கர்கள் பலவும் பொது நியூட்ரலோடு ஒத்துப்போகாமல் விழுந்துவிடும். அவற்றின் இரட்டை முனை வகையை வாங்கினால் செம்பில் மிச்சம் பிடித்த காசு அதிலேயே கரைந்துபோகும். பிரிட்டனின் பிஎஸ் 7671, ஒவ்வொரு இறுதிச் சர்க்யூட்டும் மற்றவற்றிலிருந்து தனித்திருக்க வேண்டும் என்கிறது. வீடுகளுக்கு அதுவே சரி.

நீண்ட குழாய்களில் வயர் ஓடும் மூன்று ஃபேஸ் அலுவலகக் கட்டடங்களில் ஆறு வயருக்குப் பதில் நான்கு என்பது பெரிய மிச்சம். தேர்ந்த எலக்ட்ரீஷியன்கள் பராமரிக்கும் இடத்தில் இதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் கம்ப்யூட்டர்களின் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டங்கள் நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காமல் கூடுகின்றன. சுமை சமமாக இருந்தாலும் நியூட்ரல் சூடாகலாம் என்பதைக் கணக்கிட்டே அங்கே வயர் போட வேண்டும்.

என் கவலை பழைய வீடுகளைப் பற்றியது. புதிய விதி பொதுவாகப் பழைய வயரிங்கைக் கட்டுப்படுத்தாது. கைப்பிடி பிணைக்கப்படாத பிரேக்கர்கள் அங்கே அப்படியே இருக்கின்றன. பேனலை மாற்ற அனுமதி கேட்டு வரும்போதாவது, கறுப்பும் சிவப்பும் வெவ்வேறு லைனில் இருக்கின்றனவா என்று பார்ப்பதையும், கைப்பிடிகளைப் பிணைப்பதையும், சாக்கெட் பெட்டிகளின் வெள்ளை இணைப்புகளைத் திறந்து சோதிப்பதையும் எல்லா ஊர் நிர்வாகங்களும் கட்டாயமாக்க வேண்டும்.